முன்பணம் கட்டும் முன்பு ஒரு சாயங்காலம்

பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டம். கிணற்றடியை ஒட்டி ஆளுயரக் கம்பி வேலி துருப்பிடித்து நிற்கிறது. இப்போது அதற்குள் ஆடு அடைக்கிறார்கள். 2012 வரை அங்கே ஈமு கோழிகள் நின்றன. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் நிறுவனங்கள் கதவைச் சாத்தியதும் மாதப் பணம் நின்றது, தீவனமும் நின்றது. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே தீவனம் போட வேண்டியதாயிற்று. தோட்டக்காரர் ஒன்றரை ஏக்கரை விற்றுத்தான் கடனை அடைத்தார்.

அப்படி அடிபட்டவரைத் தேடித்தான் போன மாசியில் ஒரு தொழிலதிபர் வந்தார். கருங்கோழி வளர்ப்புத் திட்டம். மூன்று லட்சம் முன்பணம் கட்டினால் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாதம் 18,000 ரூபாய் வீடு தேடி வரும். "பத்து வருசமா இந்தத் தொழில்ல இருக்கறமுங்க" என்றார். கையில் விருது வாங்கும் படங்கள்.

"ஏனுங்க, மறுபடியும் கோழியா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார். ஆனாலும் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகையை அடகு வைக்கலாம் என்றுதான் பேச்சு போனது. பி.காம். படிக்கும் அந்த மகள், "ரெண்டு நாள் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, துண்டறிக்கையோடு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தாள்.

முதலில் கணக்கு. மாதம் 18,000 என்றால் வருடத்துக்கு 2,16,000. போட்ட பணத்துக்கு 72 சதவீதம். "எந்தக் கோழிப்பா இப்படிச் சம்பாரிச்சுத் தரும்?" என்றாள். அப்பா பேசவில்லை.

அடுத்து, துண்டறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த நிறுவனப் பதிவு எண். 21 எழுத்தும் எண்ணுமாக வரும் அதற்குள்ளேயே நிறுவனம் தொடங்கிய வருடமும் இருக்கிறது. பத்து வருடம் என்று சொன்ன நிறுவனம் போன வருடம்தான் பதிவாகியிருந்தது. மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் பார்த்தாள். செலுத்தப்பட்ட மூலதனம் ஒரு லட்சம். இயக்குநர்கள் இரண்டு பேர். வந்துபோனவர் பெயர் அதில் இல்லை. ஜி.எஸ்.டி. தளத்தில் அச்சிட்டிருந்த எண்ணைப் போட்டாள். 'ரத்து' என்று வந்தது.

நீதிமன்ற வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் தளத்தில் வந்தவர் பெயரில் பக்கத்து மாவட்டத்தில் இரண்டு செக் மோசடி வழக்குகள் இருந்தன. அதை மட்டும் அவள் அப்பாவிடம் உறுதியாகச் சொல்லவில்லை. ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். ஊரும் தகப்பனார் பெயரும் ஒத்துப் போகாமல் ஒருவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது.

மறுநாள் இருவரும் பஸ் ஏறி, துண்டறிக்கையில் இருந்த 'வெற்றி விவசாயி' வீட்டுக்கே போனார்கள். அவர் ஒளிக்கவில்லை. "ரெண்டு மாசம் பணம் வந்துச்சுங்க. அப்பறம், ஆள் சேத்திவிடுங்க, கமிசன் தர்றோம்னு சொல்றாங்க" என்றார். கோழி விற்று வந்த பணமல்ல, அடுத்தவர் கட்டிய முன்பணம் என்பது அப்பாவுக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

தொழிலதிபர் திரும்பி வந்தபோது அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "கம்பெனி டைரக்டருங்கள்ல உங்க பேரு இல்லீங்களே?" அதெல்லாம் ஆடிட்டர் பார்ப்பது என்று சொல்லிப் போனவர் அப்புறம் வரவில்லை.

ஆனால் பங்காளி வீட்டில் கேட்கவில்லை, கட்டிவிட்டார்கள். போன மாதம் பணம் நின்றது. இப்போது அவர்களுக்கும் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசுக்கு மனு எழுதிக் கொடுப்பது அதே பெண்தான். முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று 1997-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019-ல் வந்தது. ஆனாலும் போன பணம் திரும்ப வருடக்கணக்கில் ஆகும்.

பதிவு எண் இருப்பதாலேயே ஒருவர் நல்லவர் ஆகிவிடமாட்டார். புதிதாகத் தொடங்கியவர் என்பதாலேயே ஏமாற்றுக்காரரும் ஆகிவிடமாட்டார். சொன்ன வார்த்தையும் பதிவில் இருப்பதும் ஒத்துப் போகிறதா என்பதுதான் கேள்வி. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். மூன்று லட்சம் கொடுக்கும்போது ஒரு சாயங்காலம் செலவழித்தால் என்ன?