அசலும் நகலும்

நம் பகுதித் தென்னந்தோப்புகளில் ஒரு காலத்தில் மரம் வெட்டும் ஓசை என்றால் அது கோடரியின் ஓசைதான். இன்று அவ்வோசை போயிற்று. அதன் இடத்தில் ஓர் உறுமல் வந்து அமர்ந்துவிட்டது. சங்கிலி ரம்பம் என்று நாம் எழுதுகிறோம். தோப்பில் பாடுபடுவோர் 'மெஷின்' என்று மட்டும் சொல்கிறார்கள். இந்த யந்திரத்தைப் புகழ்பெற்ற நிறுவனத்தின் அசலாக வாங்குவதா, அதைப் பார்த்துச் செய்த நகலை மலிவாகப் பெற்றுப் பூட்டிக்கொள்வதா என்ற சிறு கேள்வி, நம் வீட்டில் சில ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறது. சிறு கேள்வி என்றா சொன்னோம்? அதற்கு ஒரு மனிதரின் தோள் விலையாகப் போயிருக்க, அதைச் சிறிது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று நம் வட்டாரம் முழுவதும் தென்னையை நம்பி வாழ்வது. கடல் கடந்து சென்று, கடைகளில் நின்று நின்று கால் வீங்கிய மூத்தோர் அனுப்பிய பணத்தில் உண்டான தோப்புகள் அவை. காற்று அடங்கியபின் போய்ப் பார்த்தோம். வாப்பா கயிறு பிடித்து நட்ட வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. அழுதுகொண்டு நிற்கவும் நேரமில்லை. விழுந்த தென்னை அழுகத் தொடங்கினால் அதில் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் பெருகும். பெருகியவை, பிழைத்து நிற்கும் மரங்களைத் தேடிப் போகும். ஆகவே கிடந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தியே ஆகவேண்டும்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் யந்திரம் தேவைப்பட்டது. அசல் யந்திரம் கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்தாலும் விலை மலைக்க வைத்தது. நகரத்துக் கடையொன்றில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. செய்தவர் பெயர் எதிலும் இல்லை. "அதே சாமான்தான் பாய், பேரு மட்டும்தான் இல்லை" என்றார் கடைக்காரர். அசலின் விலையில் மூன்றிலொரு பங்கு. புயலில் எல்லாவற்றையும் இழந்த நெஞ்சுக்கு அது பெரிய ஆறுதலாகத் தோன்றிற்று. வாங்கினோம். நம் தோப்புக்கு வாப்பா காலத்திலிருந்து வரும் மரம் வெட்டும் பெரியவரின் கையில் அதைக் கொடுத்தோம்.

இருபது நாள் வரை குறையொன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த நாள் அஸருக்குப் பாங்கு சொல்லும் வேளையில், நெருக்கிக் கிடந்த இரண்டு தண்டுகளுக்கிடையே அவர் அறுத்துக்கொண்டிருந்தார். ரம்பத் தகட்டின் மூக்கு, கீழே மறைந்து கிடந்த மூன்றாவது தண்டில் பட்டது.

அங்கே என்ன நிகழ்கிறது என்பதை வாசகர்கள் அறிதல் நலம். சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் தகட்டைச் சுற்றி ஓடுகிறது. தகட்டு மூக்கின் மேற்பாதி எதிலாவது முட்டினால், பற்கள் அதைக் கவ்விக்கொள்ள, அந்த விசை முழுவதும் தகட்டையே மேல்நோக்கிப் பிடிப்பவர் முகத்துக்கு வீசியெறிகிறது. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் காரியம் இது. அதற்காகத்தான் முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். யந்திரம் துள்ளும்போது அத்தடுப்பு முன்னே சாயும். சாய்ந்தவுடன் வில் விடுபட்டு, ஓர் எஃகுப் பட்டை கிளட்சின் உருளையை இறுகப் பிடித்துச் சங்கிலியை நிறுத்திவிடும். இதுவே பிரேக். நாம் வாங்கிய யந்திரத்தில் தடுப்பு இருந்தது. அது முன்னே சாயவும் செய்தது. உள்ளேயிருந்த பட்டைதான் அறுந்துபோயிற்று.

அல்லாஹ் அவர் உயிரைக் காத்தான். இடத்தோளில் ஆழமான காயம். மருத்துவச் செலவை நாம் ஏற்றோம். குணமாகும் வரை கூலியும் கொடுத்தோம். ஆயினும் அந்தக் கை தோளுக்கு மேலே இன்றும் உயர்வதில்லை. அசலுக்கும் நகலுக்கும் இடையில் நாம் மிச்சம் பிடித்த தொகை யாருடைய உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்வி, அன்றிரவு தொழுகை விரிப்பில் நம்மோடு உட்கார்ந்தது.

இனி நகல் என்ற பேச்சே வேண்டாம் என்றிருந்தோம். ஆனால் 2022-இல் கோலாலம்பூரிலிருந்து விடுமுறையில் வந்த நம் தம்பி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அதனுள்ளே, சீனாவில் செய்யப்பட்ட உதிரிப்பாகங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை, சிறுசிறு பைகளில் இருந்தன. ஜெர்மனியின் ஸ்டீல் நிறுவனத்தாருடைய 72 சி.சி. யந்திரமொன்றின் நகல், வாங்குவோரே பூட்டிக்கொள்ள வேண்டியது. பூட்டும் முறையைச் சொல்லும் தாள்கூட அதில் இல்லை. பாலிடெக்னிக்கில் யந்திரவியல் படித்த நம் மகனின் கண்கள், பெருநாள் உடுப்பைக் கண்ட குழந்தையின் கண்களாயின.

"இது திருட்டுச் சரக்கல்லவா?" என்று கேட்டோம்.

"இல்லை வாப்பா. காப்புரிமைக்கு 20 வருடம்தான் ஆயுள். அது முடிந்தால் அந்த வடிவம் எல்லோருக்கும் சொந்தம். பெயரும் முத்திரையும் மட்டும்தான் அவர்களுக்கே உரியவை" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த யந்திரத்தின் வரலாறே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கடந்து வந்த வரலாறுதான். 1830 அளவில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்ற ஜெர்மானியர், எலும்பை அறுக்கும் சிகிச்சைக்காகக் கையால் சுற்றும் சங்கிலிக் கருவி ஒன்றைச் செய்தார். 1926-இல் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல், ஸ்டுட்கார்ட்டில், இருவர் சேர்ந்து பிடிக்கவேண்டிய மின்சார ரம்பத்தை உருவாக்கினார். 1929-இல் பெட்ரோல் யந்திரம் வந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலாளியாயிருந்த ஜோசப் காக்ஸ், 1946-இல், மரத்தைத் துளைத்துச் செல்லும் ஒரு வண்டின் புழுவைக் கூர்ந்து நோக்கினார். அது இடமும் வலமுமாகக் கடித்து முன்னேறுவதைக் கண்டு, அதன் தாடைகளைப் போலவே சங்கிலியின் பற்களை அமைத்தார். இன்றும் உலகெங்கும் ஓடும் சங்கிலிகள் அந்தப் புழுவிடம் கற்ற பாடத்தின் வழிவந்தவை. 1689-இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கிய ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா, 1959-இல்தான் இத்தொழிலில் இறங்கிற்று. படைத்தவனுடைய படைப்பைப் பார்த்து மனிதன் செய்கிறான்; அவனைப் பார்த்து அடுத்தவன் செய்கிறான். பார்த்துச் செய்வது மட்டுமே பாவமென்றால் உலகில் எந்தத் தொழிலும் மிஞ்சாது.

இருந்தும் மனம் ஒப்பவில்லை. நம் பள்ளிவாசல் ஹஜரத் அவர்களிடம் கேட்டோம். அவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. மதீனத்துச் சந்தையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்ததையும், உள்ளே ஈரம் பட்டதையும், மழையில் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் வணிகரைக் கேட்டதையும் நினைவூட்டினார்கள். பிற்காலத்து இஸ்லாமிய நகரங்களில் எடையையும் சரக்கின் தரத்தையும் சோதிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரிகள் இருந்ததையும் சொன்னார்கள். பிறகு, "நகலை நகல் என்று சொல்லி வைத்துக்கொண்டால் அதில் ஏமாற்று இல்லை என்பது என் எண்ணம். நான் கேட்பது வேறு. அதை யார் பிடிக்கப் போகிறார்கள்?" என்றார்கள்.

அவ்வாண்டு ரமலான் இரவுகளில், தராவீஹ் முடிந்தபின், மகன் அதைப் பூட்டத் தொடங்கினான். கிராங்க் பெட்டியின் இரு பாதிகளிலும் பேரிங்குகளை ஏற்றவேண்டும். சுத்தியலால் அடித்தால் பெட்டி விரிந்துவிடும். ஆகவே பெட்டியைச் சூடாக்கி, பேரிங்குகளைக் குளிர வைத்தான். வீட்டில் கேக் சுடும் அடுப்பில் கிராங்க் பெட்டியும், நோன்புக் கஞ்சிக்கு வாங்கிய கறிக்குப் பக்கத்தில் பேரிங்கும் இருப்பதைக் கண்ட நம் இல்லத்தரசி சொன்னவற்றை இங்கே எழுதுவதற்கில்லை.

அந்தப் பதினோரு இரவுகளில் நகலின் குணத்தை நாம் அருகிலிருந்து கண்டோம். பெரிய பாகங்களில் குற்றம் காண முடியவில்லை. கிராங்க் பெட்டியும் சிலிண்டரும் பார்வைக்கு அசலைப் போலவே இருந்தன. குறைகள் எல்லாம் சிறியவற்றில் ஒளிந்திருந்தன. சிலிண்டர்த் துவாரங்களின் விளிம்புகள் கூர்மையாய் விடப்பட்டிருந்தன; பிஸ்டன் வளையம் அதில் சிக்கினால் உடைந்துபோகும். மகன் சிறு சாணைக்கல்லால் அவற்றை மழுங்கத் தேய்த்தான். பிஸ்டன் ஊசியைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்கள் விரலால் அழுத்தினாலே வளைந்தன; அவிழ்ந்தால் சிலிண்டரே கீறிப் பாழாகும். அவற்றை எறிந்துவிட்டு அசலை வரவழைத்தான். பிளைவீலுக்கும் காயிலுக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். உறவினர் திருமண அழைப்பிதழை நடுவே செருகி அளவு பார்த்தான்.

யந்திரத்தை மூடியபின் உள்ளே காற்றை அடைத்துச் சோதித்தான். அளவுமானியின் முள் மெல்ல இறங்கியது. ஓர் ஆயில் சீல் கசிந்தது. அக்கசிவு வழியே வெளிக்காற்று புகுந்தால், எரிபொருளும் அதில் கலந்த எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் சூடேறி இறுகிவிடும் என்று விளக்கினான். அதையும் மாற்றினான். பேரிங், பெட்ரோல் குழாய், தகடு, சங்கிலி ஆகியவையும் அசலாயின. பிரேக்கின் பட்டையையும் வில்லையும் அவன் கேளாமலேயே நாம் வரவழைத்துக் கொடுத்தோம்.

பெருநாளுக்கு மறுநாள் யந்திரம் உயிர்பெற்றது. கணக்கைக் கூட்டிப் பார்த்தோம். பெட்டி வந்த விலை அசலின் கால் பங்கு. மாற்றிய பாகங்களோடு அது பாதிக்கு மேல் ஏறியிருந்தது. மகனின் பதினோரு இரவுக்குக் கூலி போட்டால் அசலே மலிவு. ஆனால் அவன் அடைந்த பயனை அந்தக் கணக்கில் எழுத முடியாது. இன்று அந்த யந்திரத்தின் எந்த ஓசை எந்தத் திருகாணியின் குறை என்பது அவனுக்குத் தெரியும். அசலை வாங்கியிருந்தால், கெட்டுப்போனதும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம்.

செய்தி பரவிற்று. ஒரு வியாபாரி வந்தார். அசல் நிறுவனத்தின் நிறத்திலும் முத்திரையிலும் மேல்மூடிகள் தம்மிடம் இருப்பதாகவும், அவற்றை மாட்டினால் அசல் விலைக்கே தள்ளிவிடலாம் என்றும், மாதம் இரண்டு செய்து தந்தால் போதும் என்றும் சொன்னார். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பிள்ளை அவன். அவன் முகத்தை நாம் பார்க்கவில்லை. பார்த்தால் மனம் இளகும் என்று அஞ்சினோம். அவனே சொன்னான்: "வேண்டாம் காக்கா. அந்தப் பெயரை நம்பித்தானே ஒருவர் கழுத்துக்குப் பக்கத்தில் இதைப் பிடிப்பார்." வியாபாரி தேநீரைக்கூட முழுவதும் குடிக்காமல் எழுந்துபோனார்.

பிறகு ஒருநாள் அந்தப் பெரியவர் வந்தார். இப்போது அவர் மரம் ஏறுவதில்லை, அறுப்பதுமில்லை. அவருடைய மகன்தான் வேலைக்கு வருகிறார். யந்திரத்தை மடியில் வைத்துப் பார்த்தார். தடுப்பை முன்னே தள்ளினார்; பின்னே இழுத்தார்; 'டக்'கென்ற ஓசையைக் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கு தம்பி. என் மகன் கையில இதைத்தான் குடுக்கப் போறீங்களா பாய்?"

கோபத்தோடு கேட்கவில்லை. கூலிக்கு வருபவருக்கு யந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏது? முதலாளி கொடுப்பதைப் பிடிக்கத்தான் வேண்டும். மகன் பூட்டிய யந்திரத்தின் ஆபத்தை அவன் அறிந்து ஏற்கிறான். குறை இருந்தால் அது அவன் கையின் குறை. அதே யந்திரத்தைக் கூலியாளின் கையில் வைத்தால், நம்முடைய சிக்கனத்தின் ஆபத்தை அவர் அறியாமல் சுமக்கிறார். ஹஜரத் அவர்கள் கேட்டதும் இதையேதான்.

அவ்வாண்டுத் தேங்காய் விற்ற பணத்தில் ஓர் அசல் யந்திரம் வாங்கினோம். கூடவே தலைக்கவசமும், சங்கிலி பட்டால் நூலிழைகள் பிரிந்து அதைச் சுற்றிக்கொண்டு நிறுத்திவிடும் கால்கவசமும் வாங்கினோம். தோப்பு வேலைக்கு அதுவே போகிறது. மகனுடைய நகல், வீட்டு விறகு அறுக்க அவன் கையில் மட்டும் இருக்கிறது. உண்மையைச் சொல்வதானால், இன்றுவரை அது ஒருமுறையும் நின்றதில்லை. அசல்தான் ஒருமுறை கார்புரேட்டர் பழுதுக்காகப் பட்டறை கண்டது. ஆகவே அசலே எப்போதும் மேல் என்று நாம் வாதாட வரவில்லை.

மலிவாக ஒன்றை வாங்கும்போது, அந்த மலிவினால் நேரும் இடர் யார் தலையில் விழும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். நமக்கென்றால் நம் விருப்பம். பிறருக்கென்றால் அது அமானிதம். அந்தப் பெரியவர் ஜும்ஆ தோறும், நாம் தொழுதுவிட்டு வரும் வழியில், தேநீர்க்கடை வாசலில் உட்கார்ந்திருப்பார். வலக்கையை உயர்த்தி, "வாங்க பாய்" என்பார். நாமும் பதிலுக்குக் கையை உயர்த்துவோம். அந்த இடக்கையை மட்டும் நாம் இன்றும் நேராகப் பார்ப்பதில்லை.