நீ என்ன செய்தாய்?

சென்ற ஆண்டு இரண்டாம் தவணை தொடங்கிய நாள்முதல் எங்கள் வீட்டில் திங்கட்கிழமைதோறும் ஒரு வயிற்றுவலி வரலாயிற்று. ஞாயிறு மாலையில் மெல்லத் தலைகாட்டும். மறுநாள் பாடசாலை மணி அடித்துச் சற்று நேரத்தில் மருந்தின்றியே மறைந்துவிடும். பன்னிரண்டு வயதான என் மகனுக்கு வந்த அந்நோய்க்கு ஓமத்தண்ணீரும் ஓர் அதட்டலும் போதுமென்று கருதினேன். இருபது ஆண்டுகளாகப் பாடஞ் சொல்லிவரும் எனக்கு மாணாக்கரின் சாக்குப்போக்குகள் தெரியாதனவா?

மெய்யைக் கண்டவள் என் மனைவி. கொப்பியின் நடுத்தாள்கள் கிழிக்கப்பட்டிருந்தன. சட்டையின் முதுகுப்புறத்தில் மைக்கோடுகள் காணப்பட்டன. சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாகத் திரும்பியும் பிள்ளை பசியாற் துவண்டே வந்தான். அவள் ஒன்றுங் கேட்கவில்லை. இரவில் அவன் தலைமாட்டில் அமர்ந்திருந்தாள், அவ்வளவே. மூன்றாம் இரவு அவனே வாய்திறந்தான். மேல்வகுப்பு மாணவர் நால்வர் ஒரு மாதத்துக்கு மேலாக அவன் உணவைப் பறித்து உண்டும், அவன் பேச்சிலுள்ள சிறு திக்கலை நடித்துக் காட்டியும், மலசலகூடத்தினுள் வைத்துப் பூட்டியும் வந்தனராம்.

அதனை அறிந்ததும் நான் கேட்ட முதற் கேள்வி, "நீ என்ன செய்தாய்?" என்பதாகும். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அக்கேள்வி எனக்குப் புதியதன்று. பத்து ஆண்டுகளுக்கு முன் சிறு பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் இதே முறைப்பாட்டுடன் என் வகுப்பறை வாயிலில் வந்து நின்றார். "பெடியன்கள் பகிடி விடுவது வழக்கந்தானே, உங்கள் மகனும் ஏதாவது செய்திருப்பான்" என்று கூறி, ஐந்து நிமிடத்தில் அவரை அனுப்பிவைத்தேன். அவர் கைகூப்பிவிட்டுப் போனார்.

பகிடி வேறு, இது வேறு. நோர்வே நாட்டில் இத்துறையை நெடுங்காலம் ஆராய்ந்த டான் ஒல்வேயஸ் என்னும் உளவியலறிஞர் இதற்கு மூன்று அடையாளங்கள் கூறினார்: வேண்டுமென்றே துன்புறுத்தல், மீண்டும் மீண்டும் செய்தல், வலியார் மெலியார் என்னும் ஏற்றத்தாழ்வு. மூன்றாவதுதான் பெற்றோர் மறந்துவிடுவது. சமவலியுள்ள இருவர் மல்லுக்கட்டினால் ஆசிரியர் சமாதானஞ் செய்து வைக்கலாம். நால்வருக்கு நடுவே அகப்பட்ட ஒருவனை "கைகுலுக்கு" என்பதும், "திருப்பி அடி" என்பதும் ஒன்றே; இரண்டும் அவனைத் தனியே விட்டுவிடுகின்றன.

அன்றிரவே அந்நால்வரில் மூத்தவனின் வீட்டுக்குப் போகச் சட்டையை மாட்டினேன். மனைவி படலையடியில் வந்து மறித்தாள். வேலிச் சண்டையை மூன்று தலைமுறைக்கு வளர்க்கவல்ல ஊர் எங்களுடையது. பெரியவர்கள் மோதினால் மறுநாள் அதன் பலனைப் பிள்ளையே அனுபவிப்பான் என்றாள். ஆகவே ஒரு கொப்பியை எடுத்தோம். எந்த நாள், எந்த இடம், யார் செய்தது, யார் பார்த்து நின்றது என்பவற்றை மகன் சொல்லச்சொல்ல எழுதினேன். நடுவிற் குறுக்கிடாமல் எழுதுவதே எனக்குப் பெரும்பாடாயிற்று. எழுதி முடிந்தபோது அவன், "இனி என்ன செய்யப் போறியள், அப்பா?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்லாமல் எதுவுஞ் செய்வதில்லை என்று வாக்களித்தேன்.

வகுப்பாசிரியரைக் கண்டபின் அதிபரிடம் கடிதமாகவே கொடுத்தேன், பிரதியொன்றை வைத்துக்கொண்டேன். அதிபர் புன்னகைத்து, "பெடியன்கள்தானே, மாஸ்டர்" என்றார். என் சொற்களே என்னிடம் திரும்பி வந்தன. அடுத்த வாரமும் போனேன். தண்டனையை நான் கேட்கவில்லை. இடைவேளையில் மலசலகூடப் பக்கம் யார் நிற்பார், மீண்டும் எப்போது சந்திப்போம் என்பவற்றையே கேட்டேன்; என் மகனை அந்நால்வர் முன் நிறுத்தி விசாரிக்க வேண்டாமென்றும் வேண்டினேன். மூன்றாம் முறை போனபோது ஆசிரியரொருவர் அங்கு நிறுத்தப்பட்டிருந்தார். நால்வரின் பெற்றோரும் தனித்தனியே அழைக்கப்பட்டிருந்தனர்.

ஆனால் பிள்ளையின் வயிற்றுவலியை மாற்றியது வேறொன்று. வகுப்பாசிரியை, வகுப்பிற் செல்வாக்குள்ள மாணவர் இருவரை அழைத்து, அவனோடிருந்து உண்ணும்படி தனியே கேட்டுக்கொண்டாராம். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் வகுத்த கீவா என்னும் திட்டத்திலும் இவ்வழி உண்டு. பார்த்து நிற்போர் எப்பக்கம் சாய்கின்றனரோ அப்பக்கமே வெல்லுமென்பது அதன் அடிப்படை. அவ்வாசிரியை அதனைப் படித்திருந்தாரோ, தாமாகவே கண்டாரோ, நான் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் இப்படிக் காத்திருத்தல் கூடாது. காயப்படுத்தல், பணம் பறித்தல், உடலைத் தகாத முறையில் தீண்டல் என்று வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அன்றே அறிவித்தல் வேண்டும். கைத்தொலைபேசியில் இழிவான செய்திகள் வருமாயின் அவற்றை அழியாது காத்தல் நன்று. கருவியைப் பறித்துவிட்டால், அடுத்த முறை பிள்ளை வாயே திறவான்.

தவணை முடிந்த கிழமை அந்தப் பலசரக்குக் கடையைத் தேடிப் போனேன். பெரியவர் என்னை உடனே அடையாளங் கண்டு, கதிரையைத் துடைத்துப் போட்டார். வந்த காரணத்தைத் தடுமாறிச் சொன்னேன். சீனியை நிறுத்துக்கொண்டே கேட்டிருந்தார்.

"அவனை அந்த வருஷமே வேறை பள்ளிக்கூடத்திலை சேர்த்துப்போட்டன், மாஸ்டர்," என்றார். பொட்டலத்தைச் சுற்றி நூலைக் கட்டியபின், "உங்கடை பிள்ளை இப்ப சாப்பிடுறானோ?" என்று கேட்டார்.