தனுஷ்கோடிச் சாலை

ராமேசுவரத்துக்கு மோட்டாரில் போய் வந்த நண்பர்களிடம், "தனுஷ்கோடி பார்த்தீர்களா?" என்று கேட்டால், "பார்க்காமல் என்ன? போய்த் திரும்ப ஒரு மணி நேரந்தான் ஆயிற்று" என்று பெருமையோடு பதில் சொல்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் அந்தச் சாலையில் போய்த் திரும்பி விடலாம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. சாலை அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு கடல்களுக்கு நடுவே ஒரு நாடாவைப் போல நீண்டு, கடைசியில் தண்ணீரில் போய் முடிகிற சாலை நம் தமிழ் நாட்டில் இது ஒன்றுதான். அதை ஒரு மணி நேரத்தில் முடித்து விட்டு வருவது, கல்யாண வீட்டுக்குப் போய் வாசலில் சந்தனம் மட்டும் பூசிக்கொண்டு திரும்புவது போலாகும். குடும்பத்தோடு புறப்பட உத்தேசித்திருக்கும் நேயர்களுக்கு உபயோகமாயிருக்கட்டும் என்று, மூன்று முறை போய் வந்ததில் நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பக்கம் போகாமலிருப்பதே உத்தமம். வங்கக் கடலில் புயல் பிறக்கும் மாதங்கள் அவை. மே மாதத்திலிருந்து கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்கும். அது மணலை வாரிச் சாலை மேல் இறைக்கும். வேகமாகப் போகும் வண்டியின் சக்கரம் அந்த மணலில் வழுக்கும். ஜனவரி முதல் மார்ச்சு வரையில் வெயிலும் தணிந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். காற்று அடங்கியிருக்கும் என்றால், அந்த ஊர்க் கணக்குப்படி அடங்கியிருக்கும் என்று பொருள். நம் வீட்டு அம்மாள் நம்பிக்கையோடு கொண்டு வந்த புதுக் குடை, விரித்த மாத்திரத்தில் தாமரைப் பூவைப் போல ஆகாயத்தை நோக்கி மலர்ந்து விட்டது. குடைக்குப் பதில் தலையில் கட்டிக்கொள்ள ஒரு துண்டு போதும்.

மதுரையிலிருந்து ராமேசுவரம் சுமார் 170 கிலோமீட்டர். மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம் வரையில் பிரமாதமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராமநாதபுரத்தில் பெட்ரோலும் காற்றும் சரி பார்த்துக் கொள்ளுங்கள். அதற்கப்பால் பனை மரங்களும் உடை மரங்களுமாக நிலம் தாழ்ந்து கொண்டே போய், மண்டபத்தில் கடல் எதிர்ப்படும்.

மண்டபத்தை எல்லாரும் வேகமாகக் கடந்து விடுகிறார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களைத் தொற்றுநோய்ச் சோதனைக்காக நிறுத்தி வைத்திருந்த முகாம் இங்கேதான் இருந்தது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாய் வந்தவர்களுக்கும் மண்டபமே புகலிடமாயிற்று. போனவர்களும் வந்தவர்களும் தங்கிய ஊர் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்ல வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. கொஞ்சம் மெதுவாக ஓட்டினால் போதும்.

அடுத்தது பாம்பன். 1914-ல் திறந்த ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் போக்கு நின்றது. அதன் பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது பழைய பாலம் நடுவில் இரண்டு கைகளைத் தூக்குவது போலப் பிரிந்து நிமிரும். புதிய பாலத்தில் நடுப் பகுதி முழுவதும் அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. மோட்டார் போகும் உயர்ந்த பாலம் 1988-ல் வந்தது. அதற்கு முன் தீவுக்குத் தரை வழியாகப் போக ரயிலைத் தவிர வேறு மார்க்கமில்லை. பாலத்தின் உச்சியில் வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கும் ஆசை யாருக்கும் வரும். பின்னால் வரும் பஸ்காரரின் கஷ்டத்தை நினைத்து அதை அடக்கிக் கொள்ள வேண்டும். பாலத்தைக் கடந்து வண்டியை ஓரமாக விட்டுவிட்டு நின்று பார்த்தாலே எல்லாம் தெரியும்.

ராமேசுவரத்தில் ஓர் இரவு தங்குவது அவசியம். கோயிலைப் பற்றி நாம் சொல்லி நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மறுநாள் காலையில், விளக்கணைத்து வெளிச்சம் வந்ததும், தனுஷ்கோடிக்குப் புறப்படுங்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் காவலர்கள் திருப்பி அனுப்பி விடுவதால், பிற்பகலில் போகிறவர்களுக்கு அவசரம் ஒன்றே மிஞ்சும். புளியோதரை, தயிர் சாதம், நிறையக் குடிநீர் ஆகியவற்றைக் கட்டிக் கொள்ளுங்கள். கடற்கரைக் குடிசைகளில் அப்போது பிடித்த மீனைப் பொரித்துக் கொடுப்பார்கள். மரக்கறி உண்பவர்களுக்கு அங்கே அநேகமாக ஒன்றும் கிடைக்காது.

வழியில் தனித்து நிற்பது கோதண்டராமர் கோயில். விபீஷணன் சரணாகதி அடைந்த இடம் என்பது ஐதிகம். அப்புறம் முகுந்தராயர் சத்திரம். 2017-க்கு முன் தார்ச் சாலை இதோடு முடிந்து விடும். மேலே போக வேண்டுமானால் மணலில் ஓடும் வேன்களில் எலும்பெல்லாம் ஆடக் குலுங்கிப் போக வேண்டும். இப்போது அரிச்சல்முனை வரையில் ஒன்பதரைக் கிலோமீட்டருக்குப் புதுச் சாலை போட்டிருக்கிறார்கள். இந்த ஒன்பதரைக் கிலோமீட்டரைத்தான் மெதுவாகப் போகச் சொல்லுகிறோம்.

இடது பக்கம் பாக் நீரிணையைச் சேர்ந்த கடல், வலது பக்கம் மன்னார் வளைகுடா. முதலாவதைப் பெண் கடல் என்றும் இரண்டாவதை ஆண் கடல் என்றும் மீனவர்கள் சொல்கிறார்கள். இது ஓசையில்லாமல் குளம் போல் கிடக்கும். அது ஓயாமல் குமுறும். ஆனால் வாடைக் காற்றுக் காலத்தில் குணம் மாறி, சாதுவான கடல் சீறும், குமுறுகிற கடல் அடங்கும். பருவக் காற்றைப் பற்றி வகுப்பில் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நாம் ஒரு வாரம் விளக்குவதை இந்தச் சாலையில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தால் குழந்தைகள் ஒரு நிமிஷத்தில் தெரிந்து கொள்கிறார்கள். வண்டியைத் தாரை விட்டு மணலில் மட்டும் இறக்காதீர்கள். இறக்கினால் தூக்கி விட ஆள் தேடும் நேரத்தில் இரண்டு கடலையும் வேண்டிய மட்டும் பார்க்கலாம்!

பிறகு தனுஷ்கோடி ஊர் வருகிறது. ஊர் என்று சொன்னோம். சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் இங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குப் போனார்கள். ரயில் நிலையம், தபாலாபீஸ், சுங்கச் சாவடி, மாதா கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர் இது. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்ட பாஸஞ்சர் ரயில், தனுஷ்கோடியை எட்டும் தறுவாயில், நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கடலில் போயிற்று. ஒருவரும் பிழைக்கவில்லை. விடிந்தபோது ஊரும் இல்லை. பாம்பன் பாலத்தை இன்ஜினீயர் ஸ்ரீதரனின் தலைமையில் 46 நாளில் செப்பனிட்டு விட்டார்கள். தனுஷ்கோடியை மட்டும், மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்து விட்டது.

மாதா கோயிலின் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. சென்ற முறை நாம் போயிருந்தபோது அந்தச் சுவரில் ஆணியால் தங்கள் பெயரைச் செதுக்கிக் கொண்டிருந்த இரு வாலிபர்களைக் கண்டோம். "தம்பி, இது யாருடைய வீடு தெரியுமா?" என்று கேட்டோம். "யாரும் இல்லாத வீடுதானே, சார்" என்றார் ஒருவர். பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு மூதாட்டி, சங்கு மாலை கோத்துக் கொண்டிருந்தவர், தலை நிமிராமலே, "நாங்க இருக்கோமே, ஐயா" என்றார். வாலிபர்கள் ஆணியைப் போட்டு விட்டு அந்தப் பாட்டியிடம் இரண்டு மாலை வாங்கிப் போனார்கள். சர்க்கார் தகுதியற்றது என்று சொன்ன இடத்தில் மீனவக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. ஆகையால் குடிசைகளுக்குள் எட்டிப் பார்ப்பதும், கேட்காமல் படம் பிடிப்பதும் கூடாது. சங்கு, சிப்பி வாங்கலாம். பவளப் பாறைத் துண்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

அந்தப் பாட்டியிடந்தான் தண்ணீர் எங்கே கிடைக்கிறது என்று விசாரித்தோம். மணலில் கையால் தோண்டிய ஓர் ஊற்றைக் காட்டினார். கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஆழம் முழங்கால் மட்டுக்கூட இல்லை. அகப்பையால் மொண்டு கொடுத்தார். இளநீர் போல் இருந்தது. மணலில் இறங்கும் மழை நீர், உப்பு நீரை விட இலேசானதால், அதன் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்து விடும். அளவாகத் தோண்டி, அளவாக மொண்டு, ஊறும் வரையில் காத்திருக்க வேண்டும். குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டதற்கு, "பொழுது போற நேரம்" என்று சிரித்தார்.

அரிச்சல்முனையில் சாலை ஒரு வட்டமடித்து முடிகிறது. நடுவில் அசோகத் தூண் நிற்கிறது. அப்பால் மணல் நாக்கு, இரண்டு கடல்களின் அலைகள் குறுக்கே மோதிக் கொள்ளும் காட்சி. குளிக்க இறங்க வேண்டாம்; நீரோட்டம் காலை வாரி விடும். தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். சில சமயம் கைப்பேசியே இலங்கைக்கு வந்து விட்டதாக எண்ணி வரவேற்புச் செய்தி காட்டும்! கட்டணம் ஏறாமலிருக்க அதை அணைத்து வைப்பது நல்லது.

திரும்பியதும் உப்புக் காற்றுப் பட்ட வண்டியைக் கழுவத்தான் வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். ராமேசுவரத்தில் விடுதிக்காரர்கள் வாளியை நீட்டுவார்கள். மதுரைக்குப் போய்க் கழுவிக் கொள்ளலாம்.