பனிமலையின் முறைத் தண்ணீர்

மலையின் மறைவில் பிறந்தவர்களுக்கு மேகத்தோடு தனிக் கணக்கு ஒன்று உண்டு. ஆனி, ஆடியில் எங்கள் ஊரான ராயகிரியில் நின்று மேற்கே பார்த்தால் மலையின் தலை தெரியாது. கருமேகம் இறங்கி உட்கார்ந்திருக்கும். மழையெல்லாம் கேரளத்துப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும்; நமக்கு வந்து சேருவது காற்றுதான். செங்கோட்டைக் கணவாய் திறந்துகிடப்பதால் குற்றாலத்துக்குச் சாரல் வாய்த்தது. சிவகிரி, ராயகிரிப் பக்கம் உள்ளவர்கள் ஓடையில் இறங்கும் தண்ணீருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் காத்திருந்து குளத்தைப் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் ஸ்பிதிப் பள்ளத்தாக்கும் இப்படி மலைக்குப் பின்னால் கிடக்கும் பூமிதான். ஆனால் அங்கே மறைக்கிற மலை இமயம். பருவமழையை அது தெற்கிலேயே நிறுத்திவிடுகிறது. வானத்திலிருந்து வருவதில் பெரும்பகுதி பனி. அந்தப் பனி உருகி ஓடினால்தான் குடிக்கவும் விதைக்கவும் தண்ணீர். பள்ளத்தாக்கின் தலைமை ஊர் காஜா. கடல் மட்டத்துக்கு மேல் 3,600 மீட்டரைத் தாண்டிய உயரம். நம் ஆனைமுடியே 2,695 மீட்டர்தான்.

அங்கே போக இரண்டு பாதைகள். மணாலியிலிருந்து அடல் சுரங்கத்தைக் கடந்து, குன்சும் கணவாய் ஏறி இறங்குவது ஒன்று. அது பனி விலகும் சில மாதங்கள் மட்டுமே திறந்திருக்கும். சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகப் போவது இன்னொன்று. உயரம் படிப்படியாகக் கூடுவதால் உடம்பு பழகும் என்று இரண்டாவதில் போனேன். ரெக்காங் பியோ வரைக்கும் தேவதாருவும் ஆப்பிள் தோட்டமுமாகக் கூடவே பச்சை வந்தது. காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. அதற்குப் பிறகு மரம் இல்லை. மலைகள் உடம்பில் ஒரு புல்லும் இல்லாமல், செம்மண் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் ஊதாவிலும் வெறுமனே நிற்கின்றன. இவ்வளவு பெரிய வெறுமையை நான் பார்த்ததில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிவிட்டார். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

தாபோ என்ற ஊரின் பௌத்த மடத்துக்குள் போய் நின்றபோது மழையில்லாமையின் மறுபக்கம் புரிந்தது. 996ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மடம் அது. தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010இல். அங்கே கருங்கல்லை அடுக்கிய ராஜராஜன் ஆண்ட காலத்தில், இங்கே வெறும் மண்ணால் கட்டினார்கள். அந்த மண் இன்னும் நிற்கிறது. உள்ளே விளக்கு அதிகம் கிடையாது. கண் பழகப் பழகச் சுவரிலிருந்து முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வருகின்றன. மழை பெய்கிற நாட்டில் இந்தச் சுவர் ஆயிரம் வருஷம் இருந்திருக்காது. ஆனால் இப்போது ஸ்பிதியிலும் பருவம் தப்பிப் பெருமழையும் பனியும் வருகின்றன. 2023 ஜூலையில் சந்திரதால் ஏரிப் பக்கம் திடீர்ப் பனியில் ஏறக்குறைய முந்நூறு பயணிகள் சிக்கி, மீட்கப்பட்டார்கள். சிக்கியவர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். மண் சுவரும் மண் கூரையுமாக அங்கேயே இருப்பவர்களுக்கு ஒவ்வொரு மழையும் பயம்தான்.

காஜா சின்ன ஊர். நடுவே ஓடை, ஒரு கரையில் பழைய காஜா, மறுகரையில் அரசு அலுவலகங்கள் இருக்கும் புதிய காஜா. ஸ்பிதி முழுக்கச் சேர்த்தே மக்கள்தொகை, 2011 கணக்கில், பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். கோடையில் கடைத்தெருவில் மோட்டார்சைக்கிள் கூட்டம் நிரம்பி வழிகிறது. ஊருக்கு மேலே கீ மடம், 4,166 மீட்டரில், ஒரு குன்றை மூடிக்கொண்டு வெள்ளை வெள்ளையாக ஏறி நிற்கிறது. ஹிக்கிம் கிராமத்தில் 1983 முதல் நடக்கும் தபால் நிலையத்தை உலகத்திலேயே உயரமானது என்று சொல்லி, வருகிறவர்கள் எல்லாம் அஞ்சலட்டை எழுதுகிறார்கள். நானும் ராயகிரிக்கு ஒன்று போட்டேன்.

என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது லாங்ஸா கிராமம். நாலு பக்கமும் திறந்த வெளி, முன்னால் பெரிய புத்தர் சிலை, பின்னால் 6,303 மீட்டர் உயரச் சிகரம். ஓடைக்கரையில் நத்தை போலச் சுருண்ட கல்லுருவங்கள் கிடக்கின்றன. டெதிஸ் கடலில் வாழ்ந்த உயிர்களின் எச்சம். இமயம் எழுவதற்கு முன் இங்கே கடல் இருந்திருக்கிறது. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணும் ஊருக்கு அடியில் ஒரு கடல்! அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து கீழே வைத்துவிட வேண்டும். ஆளுக்கு ஒன்று எடுத்தால் அந்தக் கடலின் கதை சொல்ல மலையில் எதுவும் மிஞ்சாது.

நான் தங்கியது ஒரு விவசாயி வீட்டில். தட்டைக் கூரை மேல் குளிர்காலத்துக்கான வைக்கோலும் சாணி வரட்டியும் அடுக்கி வைத்திருந்தார்கள். நடு அறையில் இரும்பு அடுப்பு. அதைச் சுற்றித்தான் சமையல், பேச்சு, தூக்கம் எல்லாம். அந்த வீட்டு அம்மா பார்லி மாவும் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும் கொடுத்து, சூடாக ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார். முகம், கை, கால் எல்லாவற்றுக்கும் அதுதான். கழிப்பறை மாடியில் இருந்தது: மண் தரையில் ஒரு துவாரம், பக்கத்தில் மண்ணும் சாம்பலும் ஒரு குவியல், ஒரு மண்வெட்டி. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கீழே சேர்வது மட்கி எருவாகி வயலுக்குப் போகிறது. நாற்றமே இல்லை. மைனஸ் இருபத்தைந்து, முப்பது வரை போகும் குளிரில் குழாய்கள் உறைந்து நிற்கும்போதும் அது வேலை செய்யும். இவ்வளவு அறிவாகச் செய்திருப்பதை மாற்றி, வருகிறவர்களுக்குப் பிடிக்கும் என்று தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகளை விடுதிகள் கட்டிவருவது மனதை உறுத்துகிறது. அந்தத் தண்ணீரும் வயலுக்கு வரும் அதே பனியாற்றுத் தண்ணீர்தான்.

வீட்டுப் பெரியவர் காலையில் வாய்க்காலைக் காட்டினார். பனி உருகும் இடத்திலிருந்து மலைச் சரிவை ஒட்டி நீளமாக வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். குல் என்று பெயர். இரவில் ஒரு குட்டையில் தேக்கி, விடிந்ததும் திறந்து முறைவைத்துப் பாய்ச்சுகிறார்கள். பழைய குடும்பங்களுக்கே முதல் உரிமை. முன்பெல்லாம் நிலம் மூத்த மகனுக்கு. இளையவர்கள் மடத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் வயல் துண்டாகவில்லை, முறையும் கூடவில்லை. இளையவர்களின் பக்கமிருந்து பார்த்தால் கடினமான ஏற்பாடுதான், இப்போது அது தளர்ந்துவருகிறது. எங்கள் ஊரில் குளத்து மடையைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் விட ஒரு நீர்ப்பாய்ச்சி உண்டு என்று அரைகுறை இந்தியில் சொன்னேன். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. “அவருக்குக் கூலி யார் கொடுப்பார்கள்?” என்றுதான் முதலில் கேட்டார். அறுவடையில் நெல் அளந்து கொடுக்கிற வழக்கத்தைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார்.

அவர் வயலில் பச்சைப் பட்டாணி. பார்லியும் கறுப்புப் பட்டாணியும் இருந்த இடத்தில் சில பத்தாண்டுகளாக இதுதான் பணப்பயிர். சமவெளியில் பட்டாணி முடிந்த பிறகு இங்கே காய்ப்பதால் நல்ல விலை. குடும்பத்தின் வருஷ வருமானமே ஒரு கோடைக்குள் விளைந்தாக வேண்டும். சுற்றுலாவும் அதே கோடையில்தான் வருகிறது; விருந்தாளியும் வயலும் ஒரே வாய்க்காலுக்குப் போட்டி போடுகிறார்கள்.

இப்படிப் போட்டி வரும்போது பகிர்ந்துகொள்ள அவர்களிடமே வழிகள் இருக்கின்றன என்பதுதான் எனக்குப் பெரிய அதிசயம். கிப்பர் கிராமத்தார் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டு ஆடுகளுக்கென்று விட்டுக்கொடுத்தார்கள். பனிச்சிறுத்தை அடிக்கும் கால்நடைக்கு ஈடு கொடுக்க, மைசூரின் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையோடு சேர்ந்து 2002இல் ஒரு காப்பீட்டையும் தொடங்கினார்கள். இன்று அந்தச் சிறுத்தையைப் பார்க்கக் கடுங்குளிரில் ஆட்கள் வருகிறார்கள். தெமுல் கிராமத்தில் விருந்தாளிகளையும் தண்ணீரைப் போலவே முறைவைத்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். எந்த வீட்டுக்கு முறையோ அங்கேதான் தங்க வேண்டும்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் கின்னௌர் வழியாகவே போகலாம். ரெக்காங் பியோவிலிருந்து காஜாவுக்கு அரசுப் பேருந்து உண்டு. வழியில் நாகோவிலோ தாபோவிலோ இரண்டு இரவு தங்கி மூச்சைப் பழக்கிக்கொள்ள வேண்டும். விடுதியை விட்டு வீடுகளில் தங்குங்கள். மாடிக் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டே அறை எடுங்கள். துவாரத்துக்குள் காகிதத் துண்டைத் தவிர வேறு குப்பை எதையும் போடாதீர்கள், அது நாளை வயலுக்குப் போக வேண்டிய எரு.