மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை... மழையில் வளர்ந்த ஒரு ஃபுட்பால் லீக்!

ஆஸ்திரேலியாவின் வடக்கு ஓரத்தில் டார்வின் என்ற நகரம் இருக்கிறது. அங்கிருந்து கடலில் சுமார் 80 கிலோமீட்டர் போனால் இரண்டு தீவுகள். ஒன்று பாத்தர்ஸ்ட், இன்னொன்று மெல்வில். நடுவில் ஒடுக்கமாக ஒரு நீரிணை. இரண்டையும் சேர்த்துத் திவி தீவுகள் என்கிறார்கள். ('டிவி' என்று எழுதினால் தொலைக்காட்சி என்றுதான் படிப்பீர்கள். அதனால் 'திவி'யே இருக்கட்டும்.) மொத்தமே சுமார் 2,500 பேர். சென்னையில் சில அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள்.

இந்த 2,500 பேர் சொந்தமாக ஒரு ஃபுட்பால் லீக் நடத்துகிறார்கள். இமாலு டைகர்ஸ், துயு பஃபலோஸ், முலுவுரி மேக்பைஸ், டாபலிங்கா சூப்பர்ஸ்டார்ஸ், புமராலி தண்டர், வலாமா புல்டாக்ஸ், ராங்கு ஈகிள்ஸ். பெயர்களைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். முன்பாதி திவி மொழி, பின்பாதி ஆங்கிலம். லீக்கின் வரலாறு அந்த இரண்டு பாதிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இது மெஸ்ஸி ஆடும் ஃபுட்பால் இல்லை. ரக்பியும் இல்லை. மெல்பர்னில் 1859-ல் விதிகள் எழுதப்பட்ட 'ஆஸ்திரேலியன் ரூல்ஸ்'. முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், பக்கத்துக்கு 18 பேர், இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. பந்தைக் கையில் பிடிக்கலாம், கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் எறியக் கூடாது. முஷ்டியால் குத்தித்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஆஃப்சைடு கிடையாது. எதிராளியின் தோளில் முழங்காலை ஊன்றி எகிறிப் பந்தைப் பிடிக்கலாம், அது தப்பே இல்லை! ஊரில் செல்லமாக 'ஃபூட்டி'.

எனக்கு இந்த ஆட்டம் அறிமுகமானது டெஸ்க்கில்தான். செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, மெல்பர்னில் ஏஎஃப்எல் இறுதிப்போட்டி தொடங்கும்போது நமக்குக் காலை 10 மணி. காலை ஷிஃப்ட்டில் இருப்பவர் தலையில் அது விழும். நம் தளத்தில் அதற்குப் பெரிய வாசகர் கூட்டம் இல்லை. "ஏம்மா, நம்ம ஊர்ல இதை யாரு பாக்குறா? ரெண்டு பத்தி போதும்" என்பார் எங்கள் சீனியர் சப்-எடிட்டர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வீடியோ வெட்டும் வேலையில் ஒரு வசதி உண்டு. மற்றவர்கள் ஒரு நொடியில் பார்த்துவிட்டுப் போவதை நாங்கள் இருபத்தைந்து ஃப்ரேமாகப் பார்ப்போம்.

அப்படிப் பழைய காட்சிகளைத் தேடிப் பார்த்ததில்தான் சிரில் ரியோலி கண்ணில் பட்டார். 2008 இறுதிப்போட்டி. ஹாத்தார்ன் அணிக்கு அவர் வந்த முதல் வருடம், வயது 19. எல்லைக்கோட்டுப் பக்கம் ஜீலாங் அணியினர் இருவர், இவர் ஒற்றை ஆள். மோதுகிறார், எழுகிறார், மறுபடியும் பாய்ந்து பிடிக்கிறார். நடுவர் விசில் இவருக்குச் சாதகமாக ஒலிக்கிறது. ஆங்கிலச் செய்திகளில் இதுபோன்ற வீரர்களைப் பற்றி எழுதும்போது ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும், 'மேஜிக்'. கூடவே 'பிறவித் திறமை', 'ரத்தத்திலேயே இருக்கிறது'. பழங்குடி வீரர் என்றால் கட்டாயம் வரும். வெள்ளைக்கார வீரர் அதையே செய்தால் 'உழைப்பு', 'கட்டுப்பாடு', 'ஆட்ட அறிவு' என்று போகும்.

ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டிப் பார்த்தால் அங்கே மாயம் எதுவும் இல்லை. பந்து எங்கே குதிக்கும் என்று ஒரு கணம் முன்பே கணித்துக் காலை மாற்றி வைக்கிறார், அவ்வளவுதான். அந்தக் கணிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் திவி தீவுகளில் இருக்கிறது.

பாத்தர்ஸ்ட் தீவில் கத்தோலிக்க மிஷன் தொடங்கியது 1911-ல். 1940-களின் தொடக்கத்தில் மிஷனைச் சேர்ந்த சகோதரர்கள் பையன்களுக்கு இந்தப் பந்தைக் கொடுத்தார்கள். ஜான் பை என்ற சகோதரரின் பெயரைத்தான் அதிகம் சொல்வார்கள். பந்து வந்த கொஞ்ச நாளிலேயே போரும் வந்துவிட்டது. 1942 பிப்ரவரி 19-ம் தேதி டார்வின் மேல் குண்டு போட வந்த ஜப்பானிய விமானங்கள் இந்தத் தீவைத் தாண்டித்தான் போயின. அதைப் பார்த்த மிஷன் பாதிரியார் ரேடியோவில் எச்சரித்தார். டார்வின் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மிஷன் கொடுத்தது பந்தை. அதை வைத்து என்ன செய்வது என்பதைத் திவி மக்கள் முடிவு செய்தார்கள். ஆட்டத்துக்குத் தங்கள் மொழியில் 'யிலோகா' என்று பெயர் வைத்தார்கள். வெறுங்காலில் ஆடினார்கள். அதிலும் மழைக்காலத்தில்! தெற்கே மெல்பர்னில் ஃபூட்டி குளிர்கால ஆட்டம். வடக்கே அக்டோபரில் இருந்து மார்ச் வரை, பருவமழை கொட்டும் மாதங்களில்தான் சீசன். வறண்ட மாதங்களில் தரை கல்லாக இறுகிக் கிடக்கும், விழுந்தால் தோல் உரிந்துவிடும். மழையில் தரை இளகும். ஆனால் பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். வழுக்கும் பந்தை இரண்டு தடவை தடவிக்கொண்டிருக்க முடியாது. தொட்டால் ஒரே தொடுதலில் எடுக்க வேண்டும், எடுத்த கையோடு கொடுக்க வேண்டும். ஐந்து வயதிலிருந்து அப்படியே ஆடி வளர்ந்தவன் பெரிய மைதானத்தில் இறங்கினால், பார்ப்பவர்களுக்கு அது மந்திரமாகத்தான் தெரியும்.

போருக்குப் பிறகு திவி ஆண்கள் பலர் டார்வினில் ராணுவ, விமானப் படைத் தளங்களில் வேலைக்குப் போனார்கள். ஆட ஆசை, ஆனால் சேர்த்துக்கொள்ள அணி வேண்டுமே. 1920-களில் வெள்ளையர் அல்லாதவர்களை வெளியே நிறுத்திய லீக் டார்வின் லீக். 1952-ல் திவி வீரர்களுக்காகவே செயின்ட் மேரிஸ் என்ற கிளப் உருவானது. மூன்றாவது வருடமே, 1954-55 சீசனில் கோப்பையைத் தூக்கியது. இன்றைக்கு அதன் அலமாரியில் முப்பதுக்கும் மேற்பட்ட கோப்பைகள். டார்வின் லீக்கிலேயே அதுதான் ராஜா.

அந்தக் கிளப்பிலிருந்து தெற்கே போனவர்களில் எனக்கு மறக்க முடியாதவர் டேவிட் கான்டிலா. உயரமானவர், நடுவர் பந்தை மேலே போடும்போது எகிறித் தட்டிவிடும் ஆட்டக்காரர். 1961-ல் அடிலெய்டு நகரின் சவுத் அடிலெய்டு கிளப்புக்குப் போனார். போன முதல் வருடமே கிளப்பின் சிறந்த வீரர். அடுத்த வருடமும் அவரேதான். 1963-ல் அட்டவணையின் கடைசியில் கிடந்த அந்த அணி 1964-ல் கோப்பையை வென்றபோது அவரும் அதில் இருந்தார். ஆண்டுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் எல்லோருக்கும் தேசியத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை வந்தது 1962-ல்தான். அவர் கைதட்டல் வாங்க ஆரம்பித்தது அதற்கு ஒரு வருடம் முன்னால்.

இந்த இடத்தில் டெஸ்க் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளின் பழைய காட்சிகளைத் திறந்தால், பெரும்பாலும் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வரும். இறந்துபோன பழங்குடியினரின் பெயர்களும் உருவங்களும் இதில் உண்டு, பார்ப்பவர்கள் கவனத்துக்கு என்று. இறந்தவரின் பெயரை உச்சரிக்காமல், படத்தைப் பார்க்காமல் துக்கம் காக்கும் வழக்கம் அவர்களில் பல சமூகங்களுக்கு உண்டு. நாம் இறந்தவர் படத்துக்கு மாலை போட்டுக் கூடத்தில் மாட்டுகிறவர்கள். அந்த அறிவிப்பைப் பார்க்கும்போதெல்லாம் என் கை தானாக மவுஸிலிருந்து எடுபட்டுவிடும்.

1960-களின் இறுதியில் தீவுகளுக்கென்றே தனி லீக் வந்தது. அதன்பின் தெற்கே போகும் வரிசை நிற்கவே இல்லை. மெல்வில் தீவில் பிறந்த மாரிஸ் ரியோலி முதலில் செயின்ட் மேரிஸில் ஆடினார். பிறகு மேற்குக் கரையில் சவுத் ஃப்ரீமாண்டில், அங்கிருந்து மெல்பர்னின் ரிச்மண்ட். 1982 இறுதிப்போட்டியில் ரிச்மண்ட் தோற்றது. ஆனால் ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் இவருக்கு. தோற்ற அணியிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள், முதல் பழங்குடி வீரரும் அவரே. ஆடி முடித்ததும் வடக்கே திரும்பி, 1992 முதல் 2001 வரை வடக்குப் பிரதேசச் சட்டமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தார்.

1993-ல் அதே பதக்கம் எஸ்ஸெண்டன் அணியின் மைக்கேல் லாங்குக்குப் போனது. கொடுத்தவர் மாரிஸ் ரியோலி! ஆனால் லாங் குடும்பத்துக்கும் திவி தீவுகளுக்குமான உறவு வேறு மாதிரியானது. அரசாங்கம் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்து மிஷன்களில் வளர்த்த காலத்தில், லாங்கின் அப்பா, அம்மா இருவரும் குழந்தைகளாக அப்படிக் கொண்டுவரப்பட்டவர்கள். மெல்வில் தீவின் மிஷனில் வளர்ந்தவர்கள். பந்தைக் கொடுத்ததும் மிஷன்தான், பிரிக்கப்பட்ட பிள்ளைகளை வாங்கி வைத்துக்கொண்டதும் மிஷன்தான். லீக் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

1995 ஏப்ரல் 25. ஆன்ஸாக் நினைவு நாள் ஆட்டத்தில் எதிரணி வீரர் ஒருவர் லாங்கை நிறத்தைச் சொல்லித் திட்டினார். அதுவரை அதெல்லாம் மைதானத்தோடு போய்விடும் சமாச்சாரம். சிரித்து விட்டுவிட வேண்டும் என்பதுதான் எழுதப்படாத விதி. லாங் விடவில்லை. புகார் கொடுத்தார். அதே வருடம் ஏஎஃப்எல் இனவசைக்கு எதிராக விதி கொண்டுவந்தது. ஆட்டத்தின் 130 வருடச் சரித்திரத்தில் இல்லாத விதி அது. மேஜிக் என்று புகழ்ந்த கூட்டத்திலிருந்துதான் அந்த வசவும் வந்தது. பாராட்டாக இருந்தாலும் வசவாக இருந்தாலும், ஆளைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்துச் சொல்வது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது பதக்கம் 2015-ல். நான் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்த சிரில் ரியோலிக்கு. மாரிஸ் அவருக்குச் சித்தப்பா முறை, மைக்கேல் லாங் தாய்மாமன், அம்மாவின் கூடப்பிறந்தவர். ஒரே குடும்ப வட்டத்தில் மூன்று நார்ம் ஸ்மித்! நான்கு கோப்பைகள் வென்ற அந்த ஆள் 2018-ல், 29 வயதுகூட முடியாத நிலையில், ஓய்வு அறிவித்துவிட்டு வடக்கே போனார். இன்னும் ஆடியிருக்கலாமே என்று அங்கலாய்த்தவர்கள் பலர். மெல்பர்னுக்கும் டார்வினுக்கும் நடுவில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று எண்ணாத ஊரிலிருந்து பதினேழு, பதினெட்டு வயதில் கிளம்பி வருகிற பையனுக்கு அந்தத் தூரம் எவ்வளவு என்பதை, திறமையைப் பிறவியோடு முடிச்சுப் போடுகிறவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

தீவை விட்டுப் போகாமலே பெரிய லீக்கில் ஆட ஒரு வழி 2006-ல் பிறந்தது. திவி பாம்பர்ஸ் என்று தீவுகளின் சொந்த அணி டார்வின் லீக்கில் சேர்ந்தது. டார்வினில் ஆட்டம் என்றால் கடல் தாண்டிப் போய், ஆடி, கடல் தாண்டித் திரும்ப வேண்டும். தொடக்கத்தில் தோல்விகளும் வந்தன. 2011-12 சீசனில் கோப்பையும் வந்தது.

தீவுகளின் உள்ளூர் லீக்குக்கு இறுதிப்போட்டி மார்ச் மாதத்தில், பாத்தர்ஸ்ட் தீவின் வுருமியங்கா ஊரில். வழக்கமாக வெளியாட்கள் அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும். இறுதிப்போட்டி நாளில் மட்டும் வேண்டாம். டார்வினிலிருந்து படகில் இரண்டரை மணி நேரம், சின்ன விமானத்தில் இருபது நிமிடம். ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிறார்கள். அன்றைக்கே தீவுகளின் ஓவியங்கள், மரச் சிற்பங்கள் எல்லாம் விற்பனைக்கு வைக்கப்படும். ஓவியம் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டம் பார்க்கலாம்.

அந்த மழைத் தரையிலிருந்து வந்தவர்தான் டேனியல் ரியோலியும். மெல்வில் தீவின் பிர்லங்கிம்பியில் வளர்ந்த பையன், மாரிஸுக்குப் பேரன் முறை. ரிச்மண்டுக்கு ஆடப் போய் 2017, 2019, 2020 என்று மூன்று கோப்பைகள் வென்றார். அங்கே அவர் போட்டிருந்த சட்டை எண் 17. மாரிஸ் ரியோலி தோற்ற அணியில் நின்று பதக்கம் வாங்கியபோது போட்டிருந்த அதே எண்.