எந்தச் செங்கோட்டை?

ஆகஸ்ட் 15 காலையில் டி.வி.யில் 'பிரதமர் செங்கோட்டையில் கொடியேற்றினார்' என்று செய்தி ஓடும்போது, எங்கள் வீட்டில் யாராவது ஒருத்தர் ஆச்சியைப் பார்த்து, "ஆச்சி, ஒங்க ஊருக்கு வந்துருக்காரு" என்று சொல்லாமல் இருந்ததில்லை. ஆச்சியும் சளைக்காமல், "வந்தவரை ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போவச் சொல்லுங்கல" என்பாள். அவள் பிறந்தது குற்றாலத்துக்குப் பக்கத்துச் செங்கோட்டை. இந்தப் பழைய ஜோக்குக்கு வருஷா வருஷம் எல்லாரும் சிரிப்போம்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்து அவர் வீட்டுக்கு வரும்போது வேன் தயாராக நிற்கும். திருநெல்வேலியில் பாதிக் குடும்பங்களுக்குச் சுதந்திர தினம் என்றால் குற்றாலம்தான். தூக்குவாளியில் புளியோதரை, இலையில் சுருட்டிய துவையல், ஆளுக்கொரு துண்டு. ஆலங்குளம் வரைக்கும் வெயில் கொளுத்தும். பாவூர்சத்திரம் தாண்டினால் ஜன்னல் காற்று மாறிவிடும். தென்காசியில் சாரல் முகத்தில் விழும்போது பிள்ளைகள் கத்துவோம். இன்னும் கத்துகிறோம், வயதுதான் ஆகிவிட்டது.

வழியெல்லாம் அப்பா பாடம் எடுப்பார். 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். அன்றைக்கு அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1947 ஜூனில், வெள்ளைக்காரன் போனதும் திருவிதாங்கூர் தனிநாடாகிவிடும் என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். ஜூலை 25-ல் அவருக்கு வெட்டு விழுந்தது. சில நாளில் சமஸ்தானம் இந்தியாவோடு சேரச் சம்மதித்தது. செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது 1956 நவம்பர் 1-ல்தான். அப்போதும் தாலுகாவின் மேற்கு மலைப்பகுதி கேரளத்தோடு நின்றுவிட்டது.

ஆச்சிக்கு இதெல்லாம் வேறு மாதிரி ஞாபகம். பள்ளிக்கூடத்தில் 'வஞ்சீச மங்களம்' பாடியது. ரூபாய்க்கு 28 சக்கரம். "குத்தாலத்துல மாங்கா வாங்கணும்னா அணா வேணும். அப்ப எங்களுக்குக் குத்தாலம் வெளிநாடு" என்பாள்.

ஆனால் குற்றாலம் வரை வந்தும் ஆறேழு கிலோமீட்டரில் இருக்கிற செங்கோட்டைக்கு நாங்கள் போனதே இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளாக அந்தப் பேச்சை எடுத்தால் அம்மா கண்ணைக் காட்டுவாள். வீட்டைப் பாகம் பிரித்தபோது ஆச்சியைக் கையெழுத்துப் போட மட்டும் வரச் சொன்னார்களாம். போட்டாள். பங்குப் பணம் வராதது கூட அவளுக்குப் பெரிசில்லை. "வெயில்ல போயி வெயில்ல வந்தேன். சாப்டியான்னு ஒருத்தர் கேக்கல." தம்பி செத்த சேதி வந்த அன்றும் போகவில்லை. கொல்லைப்புறத்தில் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்து படுத்துவிட்டாள். நான் அப்போது காலேஜ். ஆச்சி பிடிவாதக்காரி என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அதை முழுசாக மாற்றிக்கொள்ளவில்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்ட் 15. மலையில் ராத்திரி முழுக்க மழை. பேரருவி பாலத்தை முட்டிக்கொண்டு செம்மண் நிறத்தில் இறங்கியது. குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் அப்படியே. விசில் சத்தம், எண்ணெய் தேய்த்த உடம்போடு பரிதாபமாக நிற்கிற ஆட்கள், மங்குஸ்தான் விற்கிறவர்களுக்கு மட்டும் நல்ல யாவாரம். புளியோதரையை வேனிலேயே காலி பண்ணினோம். மணி பதினொன்று.

"சும்மா இருக்கதுக்குச் செங்கோட்டைக்காவது போவமா?" என்று கேட்டது ஆச்சி.

யாரும் பேசவில்லை. அப்பா டிரைவரைப் பார்த்தார். வண்டி கிளம்பியது.

ஊருக்குள் வாஞ்சிநாதன் சிலைக்குப் புது மாலை போட்டிருந்தார்கள். ஆச்சி அதைப் பார்க்கவில்லை. "இடது, இடது, ஆலமரம் இருக்கும்" என்றாள். ஆலமரம் இல்லை. தெரு இருந்தது. வீட்டின் முன்பாதி செல்போன் கடை ஆகியிருந்தது. பக்கவாட்டுச் சந்தில் பழைய கதவு. ஆச்சி படியில் ஏறாமல் கீழேயே நின்றுகொண்டாள்.

கதவைத் திறந்தது தம்பி பெண்டாட்டி. அவளுக்கும் எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், கண்ணில் புரை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மயினியா?" என்றாள்.

"ஆமா."

"ஏன் கீழ நிக்கிய? உள்ள வாங்க."

"குத்தாலத்துக்கு வந்தோம். அருவியில விடல" என்றாள் ஆச்சி, ஏதோ அதற்காகத்தான் வந்த மாதிரி.

அந்த அம்மாள் ஆச்சியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். தம்பி படத்துக்கு முன்னால் ஆச்சி ரொம்ப நேரம் நின்றாள், அழவில்லை. "இவன் காது இப்படியா இருக்கும்? படம் எடுத்தவன் கெடுத்துட்டான்" என்றாள். அதற்கு அந்த அம்மாள்தான் அழுதாள்.

சோறு பத்தவில்லை. எட்டுப் பேர் சொல்லாமல் வந்து இறங்கினால் எப்படிப் பத்தும்? மறுபடி உலை வைத்தார்கள். சாப்பிட்டு எழுந்திருக்க மூன்று மணி ஆனது. பாகப் பிரிவினை பற்றி இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. அப்பா ஒருமுறை ஆரம்பிக்கப் பார்த்தார். "நீ சாப்பிடுல" என்று ஆச்சி அடக்கிவிட்டாள்.

திரும்பும்போது ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள் என்று நினைத்தோம். பாவூர்சத்திரம் தாண்டி, சாரல் நின்று, வேக்காடு தொடங்கிய இடத்தில் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "ஏட்டி, இப்ப அருவியில விட்டுருப்பாவளா?"