ஆர் விகுதி

பாதுகாப்பு அலுவலர் முன்னால் போய் உட்கார்ந்தபோது என்னிடம் இரண்டு நோட்டு நிறையக் கவிதை இருந்தது. அவர் கையில் குடும்ப நிகழ்வு அறிக்கைப் படிவம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி நிரப்ப வேண்டியது. என்றைக்கு, எங்கே, யார் செய்தது என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். "அடி விழுந்துச்சு மேடம்" என்றேன். "யாரும்மா அடிச்சது?" என்று நிதானமாகக் கேட்டார். "அவர்தான்" என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது.

அன்றிரவு அம்மா வீட்டில் நோட்டுகளைப் புரட்டினேன். 'அடி வாங்கினாள்', 'அடிபட்டாள்', 'அடி விழுந்தது' என்று மூன்று விதமாகவும் எழுதிவைத்திருக்கிறேன். மூன்றிலும் அடித்தவன் இல்லை. ஒன்றில் நானே கடைக்குப் போய் வாங்கி வந்ததுபோல இருக்கிறது. இன்னொன்றில் மழைபோல மேலேயிருந்து விழுகிறது. ஒளிந்துகொள்ள மொழி கொடுத்த இடம் அது. புருஷன் வீட்டில் இருந்தவரை எனக்கு அது வேண்டியிருந்தது.

அவன் தலைகாட்டுகிற ஓரிரு வரிகளிலும் 'ஆர்' விகுதி. கதவைச் சாத்தினார். கையை முறுக்கினார். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் புருஷனை 'அவன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'முறுக்கினான்' என்று திருத்தினேன். கடைசி எழுத்து ஒன்றுதான் மாறியது. எழுந்துபோய், வாசற்கதவு தாழ்போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

என் விகுதியை மாற்றத்தான் அதிக நாள் பிடித்தது. கவிதையெங்கும் 'அவள்', 'ஒருத்தி', 'தலைவி'. அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. அதைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். ஆனால் அகநானூற்றின் 147ஆம் பாட்டில் ஔவையார், கணவனைத் தேடிப் புறப்பட்ட கவிஞர் வெள்ளிவீதியைப் பெயர் சொல்லியே நினைக்கிறார். பெயரற்ற தலைவிக்குப் பின்னால் உயிருள்ள ஒருத்தி இருந்தாள் என்பது இன்னொரு பெண்கவிக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாட்டைப் படித்த நாளில் அழுதேன்.

கவிஞர் சல்மாவையும் அப்போதுதான் திரும்ப வாசித்தேன். துவரங்குறிச்சியில் பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டு, ஒளித்து ஒளித்து எழுதியவர். 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' வந்தபோது அட்டையில் இருந்தது புனைபெயர். பெயரை மறைத்தாலும் தன்னை மறைக்காமல் எழுத முடியும் என்று அந்தப் புத்தகத்தில்தான் கற்றேன். 'நான்' என்று எழுதக்கூட வேண்டியதில்லை. 'நடந்தேன்' என்றால் போதும், ஆள் வந்துவிடுகிறாள்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, சில பெண்களோடு உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் எல்லோருமே சிறகு, கூண்டு, பீனிக்ஸ் என்றுதான் தொடங்குகிறார்கள். எங்கோ படித்த வலிமை அது. "அன்னைக்கு அடுப்படியில என்ன இருந்துச்சுக்கா?" என்று கேட்பேன். ஒருவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, வீசியெறிந்த எவர்சில்வர் தட்டு சுழன்று சுழன்று அடங்கும் சத்தத்தை மட்டும் எழுதினார். ஏழு வரி. சத்தம் குறையக் குறைய வரியும் குறுகியது. வீசினவர் அதில் 'அவர்'ஆகத்தான் இருந்தார். நான் கை வைக்கவில்லை. அந்த 'ர்' எப்போது போக வேண்டும், போகத்தான் வேண்டுமா என்பதையெல்லாம் எழுதியவர்தான் முடிவுசெய்ய வேண்டும். இதில் அவசரப்படுத்துகிற ஆசிரியர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

சென்ற வருடம் ஒரு கவிதை எழுதினேன். இரவு பதினொரு மணி, பசி, பழைய சோறு, வாணலியில் மோர்மிளகாய். முடித்த பிறகு திரும்பப் படித்தேன். அவன் எங்கேயும் இல்லை. பழைய நோட்டிலும் பெரும்பாலும் அவன் இல்லைதான். அங்கே பயந்துபோய் அவனை விட்டிருந்தேன். இங்கே நினைவே வரவில்லை. மிளகாய் கருகுமுன் எடுத்துத் தட்டில் போட்டேன் என்பதோடு கவிதை நின்றுவிடுகிறது.